வினாடியின் மறுவரையறையும் தவறிய ஒரு சுற்றும்

2022 நவம்பரில் வெர்சேல்ஸில் கூடிய இருபத்தேழாவது எடை-அளவைப் பொது மாநாடு, வினாடியின் வரையறையைச் சீசியத்தினின்று ஒளி அதிர்வெண்ணுக்கு மாற்றும் முயற்சிக்குத் தன் ஐந்தாம் தீர்மானத்தால் காலவரம்பு குறித்தது. எந்த அணுவை, அல்லது எந்த அணுக்களின் தொகுதியை ஆதாரமாகக் கொள்வது என்னும் யோசனைகள் 2026-ஆம் ஆண்டு மாநாட்டின் முன் வைக்கப்பட வேண்டும், புதிய வரையறை 2030-இல் ஏற்கத்தக்க நிலையை எய்த வேண்டும் என்பது அதன் சாரம். சீசிய ஊற்றுகள் 10⁻¹⁶ என்னும் படியில் நின்றுவிட, ஸ்ட்ரான்ஷியமும் இட்டர்பியமும் அலுமினிய அயனியும் 10⁻¹⁸-ஐ எட்டிவிட்ட இக்காலத்தில் இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

தேர்வு ஒற்றை அணுவாயினும், பல அணுக்களின் எடையிட்ட பெருக்கல் சராசரியாயினும், வெவ்வேறு கடிகாரங்கள் தம்முள் ஒத்துப்போகின்றன என்பதற்கு அதிர்வெண் விகிதங்களே சாட்சி. அவ்விகிதங்களோ அதிர்வெண் சீப்பின் வழியாக அன்றிக் கிட்டுவதில்லை. நம் நெடுநாளைய கவலை இங்கேதான் தொடங்குகிறது. ஸ்ட்ரான்ஷியத்தின் 429 டெராஹெர்ட்ஸ் ஒளிக்கும் அதற்கு அண்மையிலுள்ள சீப்பின் பல்லுக்கும் இடையே எழும் விம்மலை ஆயிரம் வினாடி எண்ணுகையில், ஒரே ஒரு சுற்று தவறினாலும் ஒரு மில்லிஹெர்ட்ஸ் பிழை நேர்கிறது. பின்ன அளவில் அது 2.3 × 10⁻¹⁸. கரும்பொருள் கதிர்வீச்சின் பெயர்ச்சியை மாதக்கணக்கில் பாடுபட்டுத் திருத்திச் சேர்த்த துல்லியம் அவ்வொரு சுற்றில் கரைந்துவிடுகிறது. இதை உணர்ந்த பரிசோதகர், ஒரே விம்மலைத் தனித்தனி வடிகட்டிகளின் வழியே இரண்டு எண்ணுகருவிகளுக்குச் செலுத்தி, அவை முரண்படும் வினாடிகளைத் தள்ளிவிடுகிறார். ஆனால் தள்ளப்பட்டவை எத்தனை, எந்த நியாயத்தின்பேரில் என்பதற்கு, வெளியாகும் முடிவுகளில் பெரும்பாலும் ஒரு வாக்கியமே இடம்பெறுகிறது.

சீப்பின்மீது நமக்கு அவநம்பிக்கை இல்லை. மூன்று ஆய்வகங்களைச் சேர்ந்த, வகையில் வேறுபட்ட சீப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் நிச்சயமின்மை 10⁻¹⁹-ஐ நெருங்குவதை 2004-இலேயே நிரூபித்தார்கள். ஒப்பிட்டதால் பிறந்த நம்பிக்கை அது. ஒப்பிடாத சீப்புக்கு அது தானே உரிமையாகாது. எனினும் நிதி வழங்கும் அதிகாரிகள், கடிகாரத்துக்கு மனமுவந்து பொருள் ஒதுக்கிவிட்டு, இரண்டாவது சீப்பு வேண்டுமென்றால் அதை ஆடம்பரம் என்கிறார்கள். ஒளியிழையின் முனையைச் சீராக்கி, விலகல் அதிர்வெண்ணின் பூட்டு அறுந்துபோகாமல் இரவெல்லாம் காத்திருக்கும் உதவியாளருக்கு நிரந்தரப் பதவி கேட்டால் மௌனம் சாதிக்கிறார்கள். மாநாட்டின் தீர்மானமோ, ஆராய்ச்சிக்கும் உள்கட்டமைப்புக்கும் ஆதரவளிக்குமாறு உறுப்பு நாடுகளை ஊக்குவிப்பதோடு அமைந்துவிடுகிறது.

வரையறைக்கு ஆதாரமாகும் ஒவ்வொரு விகிதமும் இரண்டு சுயேச்சையான சீப்புகளால் அளக்கப்பட வேண்டும். தள்ளிய வினாடிகள் உட்பட மூல எண்ணிக்கை முழுவதும் பாதுகாக்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் நிபந்தனையாக விதிக்கும்படி அளவைக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். விதி வரும்வரை காத்திராமல், தங்கள் அடுத்த கட்டுரையிலேயே தள்ளிய வினாடிகளின் விவரத்தைச் சேர்த்து அனுப்புமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.