கோரிக்கை மனு: அமெச்சூர் ஸ்ப்ரின்ட் கார் பந்தயங்களில் பிரிவு விதிகளைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
சென்னை, கோவை வட்டார அமெச்சூர் கார் பந்தய ஓட்டுநர்கள் மற்றும் மெக்கானிக்குகள் சங்கத்தின் நிர்வாகிகள்.

பெறுநர்:
போட்டி விதிகளை வகுக்கும் தொழில்நுட்பக் குழுவின் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்.

பொருள்: என்ஜின் கொள்ளளவை மட்டும் வைத்துப் பிரிவு வகுக்கும் முறையைக் கைவிட்டு, ஓட்டுநருடன் சேர்ந்த எடைக்கும் அளந்து பார்த்த திறனுக்கும் உள்ள விகிதப்படி பிரிவுகளை அமைக்கக் கோருவது, அது தொடர்பான பிற கோரிக்கைகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் பந்தயத்தால் சம்பாதிப்பவர் ஒருவரும் இல்லை. வார நாட்களில் பட்டறை, கடை, அலுவலகம். சனி, ஞாயிறு வந்தால் இருங்காட்டுக்கோட்டை ட்ராக், இல்லையென்றால் செட்டிப்பாளையம் ட்ராக். புதுப்பேட்டையில் பாகம் தேடி வாங்கி, கோவை லேத் பட்டறைகளில் கடைந்தெடுத்து, சொந்தச் சம்பளத்தில் கட்டிய கார்கள் எங்களுடையவை. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் நீளம் 3.717 கிலோமீட்டர். நாங்கள் ஓட்டுவது 8 லேப் ஸ்ப்ரின்ட். கூட்டினால் 30 கிலோமீட்டர்கூட முழுதாக வராது. கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தப் பந்தயத்துக்காக ஆறு மாதம் உழைக்கிறோம். அதில் யார் முந்துவது என்பதை ஓட்டுநரின் கையும் காலும் தீர்மானிக்க வேண்டும். இப்போது பாதி முடிவு விதிப்புத்தகத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதனால்தான் இந்த மனு.

என்ஜின் கொள்ளளவை வைத்துப் பிரிவு வகுப்பது டர்போ இல்லாத காலத்துக்குச் சரியான ஏற்பாடு. எஸ்டீமும் பழைய ஹோண்டா சிட்டியும் மோதிய நாட்களில் 1600 சிசி என்ற வரம்பு யாரையும் உறுத்தவில்லை. இன்று நிலைமை வேறு. எஸ்டீமின் 1298 சிசி என்ஜின் கடையிலிருந்து வரும்போது கொடுத்தது சுமார் 85 குதிரைத்திறன். போலோ ஜிடியின் 1197 சிசி டர்போ என்ஜின், அதைவிடச் சிறியதாக இருந்தும், கம்பெனியிலிருந்து வரும்போதே 105 குதிரைத்திறன் கொடுத்தது. அதன் 175 நியூட்டன் மீட்டர் டார்க் 1500 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. லேப்டாப்பைச் செருகி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியுவின் மேப்பை மாற்றினால் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் மேலும் இருபது குதிரைத்திறனுக்கு மேல் ஏறும். கடந்த பருவத்தில் ஒரு போட்டியில் இந்த இரு வகைக் கார்களும் ஒரே பிரிவில் நிறுத்தப்பட்டன. முதல் வளைவைத் தாண்டுவதற்குள் எஸ்டீம்கள் எல்லாம் பின்னால்.

இதற்கு மருந்தாக உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ வைத்திருக்கும் 1.7 பெருக்கலைக் கொண்டு வந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பெட்ரோல் டர்போ என்ஜினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கி, வரும் எண்ணுக்குரிய பிரிவில் காரைச் சேர்ப்பது அந்த முறை. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1197 சிசி என்ஜின் 2035 சிசி ஆகிறது. உடனே அந்தக் கார் இரண்டு லிட்டரையும் தாண்டிய பிரிவுக்குப் போய், தன்னைவிட மிகப் பெரிய என்ஜின்களோடு மோத வேண்டியிருக்கும். புதிய 999 சிசி டர்போவோ 1698 சிசி என்று கணக்காகி, 1600 வரம்பை 98 சிசியில் தவறவிடும். எங்கள் உறுப்பினர்களில் எஸ்டீம் வைத்திருப்பவரும் உண்டு, போலோ வைத்திருப்பவரும் உண்டு. பெருக்கல் இல்லாவிட்டால் முதலாமவருக்கு அநியாயம், பெருக்கினால் இரண்டாமவருக்கு அநியாயம். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித்தான் கீழ்க்கண்ட முடிவுக்கு வந்தோம்.

எங்கள் தலையாய கோரிக்கை இது. என்ஜின் எத்தனை சிசி, டர்போ உண்டா இல்லையா, கார் எந்தக் கம்பெனி என்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் காரின் எடை எத்தனை கிலோ, சக்கரத்தில் வரும் திறன் எத்தனை குதிரைத்திறன், ஒரு குதிரைத்திறன் எத்தனை கிலோவை இழுக்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்த விகிதம் 9-க்குக் கீழ், 9 முதல் 11 வரை, 11 முதல் 14 வரை, 14-க்கு மேல் என நான்கு பிரிவுகள் போதும் என்று கருதுகிறோம். எல்லைக்கோடுகளைச் சோதனைக்குப் பிறகு குழு மாற்றி வைத்தாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பழைய மாருதி 800 வைத்திருப்பவரும் தனக்கு ஒரு பிரிவு இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வரலாம்.

அமெரிக்காவில் அமெச்சூர் பந்தயங்களை நடத்தும் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் தன் சூப்பர் டூரிங் பிரிவுகளை இவ்வாறுதான் வகுக்கிறது. அவர்கள் அனுபவத்திலிருந்து ஒன்றைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உச்சத் திறனை மட்டும் அளந்தால், உச்சத்தை வெட்டிவிட்டு அதே அளவை 4000 முதல் 7000 சுழற்சி வரை மேசைபோல் தட்டையாக நிறுத்தும்படி மேப் எழுதிவிடுவார்கள். அப்படி மேப் எழுதிய காரும் எழுதாத காரும் காகிதத்தில் சமம். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒன்று பறக்கும், மற்றது மூச்சு வாங்கும். ஆகவே உச்சத்தில் ஒன்றும், அதன் இரு புறமும் 500 சுழற்சிக்கு ஒன்றுமாக அளவீடுகளை எடுத்து, அவற்றின் சராசரியையே அந்தக் காரின் திறனாகக் கொள்ள வேண்டும்.

அந்தத் திறனை அளக்கும் டைனோ கருவியின் அளவீடும் நம் ஊர் வெயிலில் ஏமாற்றும். காற்று 25 டிகிரியில் இருப்பதற்கும் 38 டிகிரியில் இருப்பதற்கும் அடர்த்தியில் சுமார் 4 சதவீதம் வித்தியாசம் உண்டு. காலை ஏழு மணிக்கு அளந்த காரும் பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்த காரும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டவை ஆகா. வெப்பத் திருத்தத்தை விதியிலேயே எழுத வேண்டும். ஒரு பிரிவைச் சேர்ந்த கார்கள் எல்லாவற்றையும் ஒரே டைனோவில், ஒரே நாளில் அளக்க வேண்டும்.

ஒரு ஈசியுவில் இரண்டு மேப்பை ஒளித்து, டைனோவில் ஒன்றும் ட்ராக்கில் மற்றொன்றுமாக ஓட்டினால் என்ன செய்வது என்று எங்கள் கூட்டத்தில் மூத்த மெக்கானிக் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அவரே பதிலும் சொன்னார். ஒவ்வொரு காரிலும் அமைப்பாளர் தரும் ஜிபிஎஸ் பதிவுக் கருவி ஒன்றை சீல் வைத்துப் பொருத்திவிடலாம். வேகமும் முடுக்கமும் பதிவாகும். எடை ஏற்கெனவே தெரியும். நேர்க்கோட்டில் கார் எவ்வளவு திறனை இறக்கியது என்பது கணக்கில் வந்துவிடும். டைனோ தாளோடு அது பெரிதும் முரண்பட்டால் அந்தக் காரை மறுபடி டைனோவில் ஏற்றலாம். என்ஜினைப் பிரித்துப் போடுவதைவிட இது மலிவு, வேகம், யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

எல்லோருக்கும் ஒரே கார் என்ற ஏற்பாடுதான் உண்மையான நியாயம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு சாரார் வாதிட்டனர். அந்த வாதத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கோவையின் எஸ். கரிவரதன் 1988-ல் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்ததால்தான் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பந்தயக் காரில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்தக் காரில்தான். புதிதாக வருபவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும், அதை ஆதரிக்கிறோம். ஆனால் ஏற்கெனவே கார் கட்டி வைத்திருப்பவரிடம் அதை விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரிக் கார் என்பதாலேயே சோதனை தேவைப்படாது என்பதும் உண்மை இல்லை. அமெரிக்காவின் ஸ்பெக் மியாட்டா பிரிவில் எல்லோரும் ஓட்டுவது மாஸ்டா எம்எக்ஸ்-5 தான். அங்கும் 2014-ல் லகுனா சேகாவில் நடந்த தேசியப் போட்டியில், முன்னணியில் முடித்த பல கார்கள் சிலிண்டர் ஹெட்டில் விதிக்கு மாறான வேலை இருந்ததாகத் தகுதி நீக்கப்பட்டன.

எடை பார்ப்பது குறித்து. 58 கிலோ ஓட்டுநரும் 92 கிலோ ஓட்டுநரும் ஒரே எடைக் காரை ஓட்டினால் வித்தியாசம் 34 கிலோ. மாருதி 800-இன் எடையே சுமார் 650 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட், உடையுடன் ஓட்டுநரையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான். தராசு நிற்கும் தரையையும் கவனியுங்கள். ஒரு போட்டியில் எங்கள் உறுப்பினரின் கார் குறைந்தபட்ச எடைக்கு 6 கிலோ குறைவு என்று தள்ளப்பட்டது. தரை சரிவாக இருக்கிறது என்று அவர் மன்றாடிய பிறகு, நான்கு தட்டுகளையும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்து மறுபடி ஏற்றினார்கள். அதே கார், அதே பெட்ரோல், 11 கிலோ கூடியது. மன்றாடத் தெரியாத ஒருவராக இருந்திருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். சமதளம் ஒன்றை நிரந்தரமாகக் கட்டி, வெள்ளிக்கிழமை மாலை முதல் யார் வேண்டுமானாலும் தம் காரை ஏற்றிப் பார்த்துக்கொள்ளும்படி திறந்து வையுங்கள்.

அடுத்தது விதி மாற்றம். எங்கள் உறுப்பினர் ஒருவர் அன்றைய விதியில் அனுமதி இருந்ததால் கோவையில் ஒரு கேம்ஷாஃப்ட் கடைந்து வாங்கினார். இரண்டு மாதச் சம்பளம். பருவம் தொடங்க 19 நாள் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது: கம்பெனி கேம் மட்டுமே அனுமதி. எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றிய அந்தக் கேம் ஒரு லேப்கூட ஓடாமல் இன்றும் அவர் பட்டறை ஆணியில் தொங்குகிறது. ஆகவே பிரிவு விதிகளை ஒரு முறை வகுத்தால் மூன்று ஆண்டுகளுக்கு மாற்றக் கூடாது. தவிர்க்க முடியாத மாற்றத்தை ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். பாதுகாப்பு விதிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. சீட், பெல்ட், ரோல் கேஜ் பற்றிய எந்த உத்தரவையும் மறுநாளே நடைமுறைப்படுத்துங்கள், நாங்கள் கட்டுப்படுகிறோம்.

டயர் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே வகை டயர், ஒரு போட்டிக்குப் புதிதாக இரண்டுக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றிலும் முத்திரை. ஸ்ப்ரின்ட் பந்தயத்தில் புது டயரால் கிடைக்கும் அனுகூலத்தை எந்த என்ஜின் வேலையாலும் ஈடுகட்ட முடியாது. கடைசியில் ஜெயிப்பது பணப்பைதான்.

சம்பளம் வாங்கி ஓட்டுபவர்கள் எங்களோடு ஓடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. அவர்கள் பின்னால் ஓடியே பலர் கற்றிருக்கிறோம். அவர்களுக்கு அமெச்சூர் கோப்பைக்கான புள்ளி மட்டும் வேண்டாம். எஃப்ஐஏ ஓட்டுநர்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனத் தரம் பிரிப்பதுபோல, நம் அளவில் இரண்டே தரம் போதும்.

மற்றொருவரின் கார் மீது ஆட்சேபம் தெரிவிப்பவர் கட்டும் தொகை, ஆட்சேபம் சரியென்று தெரிந்தால் முழுதாகத் திரும்ப வர வேண்டும். தவறென்றால் அந்தத் தொகை, என்ஜினைப் பிரித்து மாட்டிய செலவுக்காக எதிராளிக்குப் போக வேண்டும். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று கார்களோடு, குலுக்கலில் வரும் ஒரு காரையும் சோதிக்க வேண்டும். முடிவுகளை அன்றே பலகையில் ஒட்ட வேண்டும்.

இந்த விதிகளுக்குக் கூடுதல் செலவு ஆகும், அதை நாங்கள் மறைக்கவில்லை. டைனோ, தராசு, பதிவுக் கருவி மூன்றுக்கும் பணம் வேண்டும். பதிவுக் கட்டணத்தில் அதற்கென ஒரு தொகை சேர்த்தால் கட்ட எங்கள் பொதுக்குழு சம்மதித்திருக்கிறது. அடுத்த பருவத்தின் விதிப்புத்தகம் அச்சாகும் முன் எங்கள் பிரதிநிதிகளை ஒரு முறை நேரில் அழைத்துப் பேசுமாறும், ஒரு நாள் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அன்று ஒரு எஸ்டீம், ஒரு சிட்டி, ஒரு போலோ, ஒரு மாருதி 800 ஆகிய நான்கையும் நாங்களே கொண்டு வருகிறோம். டைனோ வாடகையைச் சங்கம் கட்டிவிடும். தாங்கள் நாள் குறித்துக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் பொதுக்குழு உறுப்பினர்கள்

இடம்: சென்னை
இணைப்பு: உறுப்பினர் கார்களின் எடைப் பட்டியல், டைனோ தாள்கள்