உடல் ஒன்று, தொழில் இரண்டு

ஹந்தானை மலைச்சரிவில் ஏறிச் செல்வோர் அங்குள்ள தேயிலை அருங்காட்சியகத்தைக் காணாமற் செல்ல முடியாது. 1925 ஆம் ஆண்டில் தேயிலைத் தொழிற்சாலையாக எழுந்த கட்டிடம் அது. கொழுந்தை வாட்டி அரைத்த காலம் போய், இன்று அப்பழைய இயந்திரங்களைப் பார்வைக்கு வைத்திருக்கும் இடமாக விளங்குகிறது. உடல் பழையது, தொழில் மாத்திரம் புதியது. ஒரு பொருளின் உருவத்தை அழிக்காமல் அதன் பணியை மாற்றுவதும் ஒரு கலையே என்பதை அக்கட்டிடத்தைக் காணுந்தோறும் நான் நினைப்பதுண்டு.

சென்ற மாதம் அச்சரிவில் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். உயர்தர வகுப்பில் பயிலும் அவருடைய மகன், முன்விறாந்தையில் செய்தித்தாளை விரித்து, ஒரு சிறு ஹெலிகொப்டரைப் பொருத்திக்கொண்டிருந்தான். 72 இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் மாதிரி அது. அந்த அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரமே இருப்பான். மேலே சுழலும் விசிறியோ ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் அகலம் விரியும். உண்மை ஊர்தியில் அவ்விசிறியின் விட்டம் 21 மீற்றருக்கு மேல் என்றால் கணக்குச் சரிதானே!

“மாமா, பெட்டியிலே இருப்பது எம்.ஐ.-8. நான் செய்யப்போவது எம்.ஐ.-17” என்றான். “அது எப்படி?” என்று வினவினேன். அவன் இன்னொரு சிறு பொதியை எடுத்துக் காட்டினான். அதனுள்ளே சாம்பல் நிறத்தில் சில துண்டுகள் கிடந்தன. மாற்று உறுப்புத் தொகுதி என்பது அதுவே.

இதன் பொருளாதாரம் சுவையானது. கடையில் விற்கும் பிளாஸ்ரிக் மாதிரிகளை உருக்கு அச்சுக்களில் வார்க்கிறார்கள். அவ்வச்சுக்களை வெட்டப் பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றாலன்றி முதல் திரும்பாது. ஆகவே பலரும் விரும்பும் வகைகளே பெட்டியில் வரும். சிலரே விரும்பும் வகையைச் சிறு பட்டறைக்காரர் செய்கிறார்கள். அவர்கள் மூல உறுப்பைக் கையால் செதுக்கி, அதன் மேல் சிலிக்கோன் இறப்பரை ஊற்றி அச்செடுக்கின்றனர். பின்னர் இரு திரவங்களைக் கலந்து அந்த அச்சில் ஊற்ற, அது சில நிமிடங்களில் இறுகி ரெசின் உறுப்பாகிவிடும். இறப்பர் அச்சு சில பத்து வார்ப்புகளுக்குள் தேய்ந்து போவதால், இத்தொகுதிகள் என்றும் குறைவாகவே கிடைக்கின்றன. இக்காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறியும் இத்தொழிலில் இறங்கியிருக்கிறது.

எம்.ஐ.-8 எம்.ஐ.-17 ஆவதற்கு வேண்டிய மாற்றங்கள் பார்வைக்குச் சிறியவை. வாலின் வலப்புறத்தில் இருந்த சிறு விசிறி இடப்புறத்துக்குச் செல்லும். எஞ்சின் மூடியின் முகப்புக் குட்டையாகும். காற்று நுழையும் வாயில்களில் தூசு தடுக்கும் உருண்டைக் கவசங்கள் அமரும். இவற்றைக் கவனியாதவனுக்கு இரண்டும் ஒன்றே. கவனித்தவனுக்கு இரண்டும் வேறு. மாணவர்களுக்கு இதனால் வரும் முதற் பயன் இந்தக் கண்தான்.

செய்முறையிலும் சில எச்சரிக்கைகள் உண்டு. பிளாஸ்ரிக்கை ஒட்டும் பசை பிளாஸ்ரிக்கைக் கரைத்தே ஒட்டுகிறது; ரெசினை அது கரைப்பதில்லை. ஆதலால் சுப்பர் குளூ அல்லது இரு பகுதிகளைக் கலக்கும் எபொக்சிப் பசை வேண்டும். வார்ப்பின் அடியில் ஒட்டியிருக்கும் கட்டியைச் சிறு வாளால் அறுக்க வேண்டும். உறுப்புகளைச் சவர்க்கார நீரில் கழுவாவிட்டால் வர்ணம் பிடிக்காது. வளைந்திருக்கும் துண்டை வெந்நீரில் இட்டு நிமிர்த்தலாம். எல்லாவற்றினும் முக்கியமானது, ரெசினைத் தேய்க்கையில் எழும் நுண்தூசு சுவாசப்பைக்குக் கேடு என்பதே. தேய்க்கும் தாளையும் உறுப்பையும் நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். முகக்கவசம் அணியவும் வேண்டும். பெற்றோர் இதனைக் கண்டிப்பாகக் கவனிப்பார்களாக.

இவ்வாறு நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் பையனுடைய அப்பம்மா உள்ளிருந்து வந்தார். மகனோடு வாழக் கண்டிக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் இருந்தவர் அவர். மேசையைப் பார்த்தார். ரொக்கற் குழல்களும் துப்பாக்கிகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவர் முகம் மாறியது.

“உதைக் கொஞ்சம் அங்காலே வை, ராசா” என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

பையன் திகைத்தான். நண்பர் தாழ்ந்த குரலில் விளக்கினார். 1980களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண வானத்தில் ஹெலிகொப்டர் இரைந்து வந்தால், தாய் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்குவாராம். மேலிருந்து சுடுவார்கள். அவ்வாறு இறங்கிய பிள்ளைகளுள் நண்பரும் ஒருவர். “இன்றும் அந்த இரைச்சல் கேட்டால் அம்மா சமையலை நிறுத்திவிடுவார். இதை நாளைக்கே எறிந்துவிடச் சொல்லப்போகிறேன்” என்றார்.

எறிவதுதான் வழியா? என் மனம் அதற்கு இணங்கவில்லை. ஆயினும் “இது வெறும் விளையாட்டுப் பொருள்தானே” என்று சொல்லவும் நா எழவில்லை. அம்மூதாட்டிக்கு அது விளையாட்டன்று.

அப்போது பையனுக்கு ஒரு வரலாற்றைக் கூறினேன். அவ்வீட்டு முற்றத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை, பேராதனைப் பூந்தோட்டம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 ஏப்ரலில், மவுண்ட்பற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை டில்லியிலிருந்து அங்கே மாற்றினார். அவருடைய கட்டளைக்குட்பட்ட பர்மாவில், அதே மாத இறுதியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. காயப்பட்ட மூன்று பிரித்தானியப் போர்வீரரை ஏற்றிவந்த சிறு விமானமொன்று, யப்பானியரின் அணிகளுக்குப் பின்னே காட்டில் வீழ்ந்தது. கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அமெரிக்க விமானி சிக்கோர்ஸ்கி ஹெலிகொப்டர் ஒன்றில் அங்கே பறந்தார். பர்மாவின் வெப்பத்தில் அதன் எஞ்சின் தளர்ந்தமையால் ஒரு தடவைக்கு ஒருவரையே ஏற்ற முடிந்தது. நான்கு முறை சென்று, விமானியையும் மூன்று வீரரையும் மீட்டார். போர்க்களத்தில் ஹெலிகொப்டர் நிகழ்த்திய முதல் மீட்புப் பணி அதுவே.

“அப்படியானால் அது சுடுவதற்கு வரவில்லையா?” என்றான் பையன்.

“அன்று தூக்குவதற்கே வந்தது. துப்பாக்கியைப் பின்னரே பூட்டினார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்தபின், நீ செய்யும் இதே வகை ஊர்திகள் நம் கரையோரங்களுக்கு உணவும் மருந்தும் சுமந்தன. எதைப் பூட்டுவது என்பது ஊர்தியின் முடிவன்று, தம்பி, மனிதனின் முடிவு.”

உள்ளிருந்து அனைத்தையும் கேட்டிருக்கிறார் போலும். அப்பம்மா கதவோரம் வந்து நின்றார். “நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் சத்தம் ஒண்டுதானே” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

பையன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு ரொக்கற் குழல்களையும் துப்பாக்கிகளையும் பொறுக்கி ஒரு கடித உறையிலிட்டு மூடினான். எம்.ஐ.-17 இன் வயிற்றினுள் 12 நோயாளர் படுக்கைகளை அமைக்கலாம். அவற்றை மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டில் தானே வெட்டப்போவதாகச் சொன்னான்.

சென்ற வாரம் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றேன். வேலை முடிந்திருந்தது. மாதிரியை அவன் முன்விறாந்தையில் வைக்கவில்லை. தன் அறையில், கதவுக்குப் பின்னால் வைத்திருந்தான். அவனது விவேகத்தை மெச்சினேன். அப்பம்மா ஒருநாள் தாமாகவே அவ்வறைக்குள் சென்று, மூக்குக் கண்ணாடியை அணிந்து உள்ளே எட்டிப் பார்த்தாராம். “படுக்கை இருக்கு, ஆளைக் காணேல்லையே?” என்று கேட்டாராம்.

ஓர் அங்குல மனிதன் ஒருவனை இப்போது செதுக்கிக்கொண்டிருக்கிறான் பையன்.

பெற்றோர்களே, பிள்ளைகள் போர் ஊர்திகளின் மாதிரிகளை விரும்பினால் உடனே சினந்து எறிந்துவிடாதீர்கள். பேசாமல் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியும் விடாதீர்கள். அந்த ஊர்தி யாரை ஏற்றியது, யாரை அஞ்ச வைத்தது என்ற இரண்டையும் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டில் அந்த இரைச்சலைக் கேட்டு வாழ்ந்தவர் எவரேனும் இருப்பின், பசைப் போத்தலைத் திறக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.