‘வேண்டாம்’ என்னும் வசதியான சொல்

நோயில் பூசுதல் கொடுக்கச் செல்லும் வீடுகளில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். “நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம் சாமி, அப்பாதான் எதுவும் வேண்டாம் என்கிறார்.” சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள். மாதந்தோறும் பணம் அனுப்புகிறவர்கள். ஆயினும் அந்த வாக்கியத்தை இனி நான் ஏற்பதாக இல்லை. பெற்றவரின் மறுப்பைப் பிள்ளைகள் தங்கள் விடுதலைப் பத்திரமாக்கிக் கொள்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டில் முதற்பெயர் என்னுடையது. என் தாய் கிராமத்தில் தனியே வாழ்ந்து வந்தார். துணைக்கு ஒரு பெண்ணை அமர்த்துகிறேன் என்றேன். “எனக்கெதற்கு சாமி வீண் செலவு?” என்றார். (மகன் குருவான நாள்முதல் அவனையே ‘சாமி’ என்றழைக்கும் தாய்மார் நம்மிடையே உண்டு.) ஒருமுறை கேட்டேன், ஒருமுறை மறுத்தார், பேருந்து ஏறிவிட்டேன். உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? மூன்றாம் மாதம் ஓர் இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, விடியும்வரை ஈரத்தரையில் கிடந்தார். பால் கொண்டுவந்த பெண்மணி முனகலைக் கேட்டு அயலாரை அழைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறேன்.

அந்த ‘வேண்டாம்’ என்பதன் பொருளை மருத்துவமனையில்தான் கேட்டறிந்தேன். செலவு காரணமன்று. வேற்றுப் பெண் ஒருத்தி அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் வீடு தம் கையைவிட்டுப் போய்விடும், அடுத்த படி முதியோர் இல்லம்தான் என்று அஞ்சியிருக்கிறார். “சமையல் உங்கள் கையில்தான் அம்மா, அவள் தண்ணீர் எடுக்கவும் இரவில் துணைக்குப் படுக்கவும் மட்டுமே” என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்கு இன்னும் அரை மணி நேரம் அந்தத் திண்ணையில் அமர்ந்திருக்க வேண்டும், நான் அமரவில்லை.

குருக்களாகிய எங்கள் பிழை இன்னும் பெரிது. கொடுப்பதன் புண்ணியத்தை ஆயிரம் முறை போதித்தோம். பெற்றுக்கொள்வதைப் பற்றி வாய் திறந்ததில்லை. “யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேர வேண்டும்” என்று முதியவர் வேண்டும்போது தலையசைத்தோம். ‘கடைசிவரை யார் கையையும் எதிர்பாராதவர்’ என்று அடக்கத் திருப்பலியில் புகழ்ந்தோம். அப்படியானால், மூன்றாண்டுகள் படுக்கையில் கிடந்து மருமகள் கையால் உண்டவர் குறைந்தவரா? பேதுரு தம் காலடிகளைக் கழுவ விடமாட்டேன் என்றபோது, ‘சரி, அவர் விருப்பம்’ என்று ஆண்டவர் அடுத்த சீடரிடம் நகர்ந்துவிடவில்லை. காலைப் பற்றி இழுக்கவும் இல்லை. நின்று பேசினார். அதே பேதுருவிடம்தான், முதிர்ந்த வயதில் வேறொருவர் அவருக்கு இடைக்கச்சை கட்டுவார் என்றும் பின்னர் கூறினார். அது அவரது இரத்தசாட்சியத்தைக் குறித்தது என்பது நற்செய்தியாளரே தரும் விளக்கம். ஆயினும் முதுமையின் கையறு நிலையைக் கொண்டன்றோ ஆண்டவர் அதைச் சொன்னார்! 2005-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாளரத்தருகே வந்து, பேச முயன்று, குரலெழாமல் கையால் ஆசி வழங்கியதை உலகமே பார்த்தது. அந்த இயலாமையை அவர் திரைபோட்டு மறைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளையே தகப்பனைக் காரில் ஏற்றிச் சென்னை அடுக்ககத்தில் பூட்டிவிடாதீர்கள். அது மறுப்பை மிதிப்பது. அறிவு தெளிந்த முதியவரின் சொல்லுக்கு மதிப்புண்டு. அதனாலேயே அதன் உட்பொருளைக் கேட்க வேண்டும். பெற்றோர் பராமரிப்புக்கென 2007-இல் வந்த சட்டம் மாதத்தொகையை வாங்கித் தரலாம். குளியலறைச் சுவரில் பிடிகம்பி பதிக்கச் சம்மதம் வாங்கித் தராது. மகன் பணத்தை மறுக்கும் கிழவர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் சர்க்கரை மாத்திரையை மறுப்பதில்லை. தெருவுக்கே வருவது தமக்கும் வருவதில் மானக்குறைவு இல்லையல்லவா? நம் அன்பியங்கள் இதையேனும் கற்கலாம். மாதம் ஒருமுறை கூடி செபமாலை சொல்லிக் கலைவதோடு, தெருவிலுள்ள முதியோர் ஒவ்வொருவரின் வாசலிலும் சற்று அமர்ந்தால் என்ன?

என் தாய் இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கிறார். துணைக்கு வந்த பெண்ணுக்கு மீன்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருக்கிறார். அவள் புளியை அளவாகக் கரைப்பதில்லையாம்; தொலைபேசியில் நாள்தோறும் முறையீடு.