பனிக்குப் போகிற வண்டிக்கு மூக்குக் குழாய் எதற்கு?

அடையாறில் பிக்கப் வண்டி இப்போது ஒரு நாகரிகம். ஒரு காலத்தில் பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி தெருவுக்குள் வந்தால், பந்தல் சாமானோ தண்ணீர் கேனோ இறக்க வந்திருக்கிறது என்று அர்த்தம். இன்று இந்திரா நகரிலும் சாஸ்திரி நகரிலும் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு இசுஸுவும் ஹைலக்ஸும் நிற்கின்றன. வாங்குவது அவரவர் காசு, எனக்குப் பேச்சில்லை. வாங்கிய மறுமாதமே "குளிர்காலத்தில் இமயமலை போகிறோம், வண்டியைத் தயார் செய்கிறோம்" என்று கிளம்புகிறார்களே, அந்தத் தயாரிப்போடுதான் என் சண்டை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். எழுபதுகளின் கடைசியில் மூன்று குளிர்காலங்களை லே பக்கம் கழித்தேன். சக்திமான் லாரிகள், ஜோங்கா, நிஸான் ஒன் டன் எல்லாவற்றின் அடியிலும் படுத்திருக்கிறேன். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது அங்கே ஒரு டியூட்டி. ஸ்பேனரை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். (மார்கழியில் இங்கே 20 டிகிரிக்கு மங்கி கேப் போட்டு நடக்கிற என் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.)

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், நல்ல பையன். ஜனவரியில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு சிம்லா, கின்னோர் வழியாக ஸ்பிட்டி போகத் திட்டம். காசா ஊர் 12,000 அடிக்கு மேலே இருக்கிறது; அந்த மாதத்தில் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பது அங்கே சாதாரணம். வண்டிக்கு என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். கண்ணாடி ஓரமாகக் கூரை வரை ஏறும் ஸ்நார்க்கெல், முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச், மேலே எல்.இ.டி. விளக்குப் பட்டை, இரண்டு அங்குலம் உயர்த்திய சஸ்பென்ஷன், முரட்டு மட் டயர். மொத்தம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.

"ரேடியேட்டரில் என்ன இருக்கு தம்பி?"

"கூலண்ட்தான் அங்கிள். கொஞ்சம் குறைஞ்சிருந்தது, டிரைவர் தண்ணி ஊத்தினார்."

எத்தனை முறை ஊற்றினார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார். கூலண்ட் மாற்றினால் என்ன லாபம் நிற்கும்? ஸ்நார்க்கெல்லில் நிற்கும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருக்கும். இரும்பா, அலுமினியமா என்று அது பார்க்காது. எஞ்சின் பிளாக்கே வெடிப்பு விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி கலந்தால் மைனஸ் 35 வரை தாங்கும். நம் ஊரில் உறைவது பற்றி யாருக்கும் கவலை இல்லாததால் குறையக் குறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றியே பழகிவிட்டோம். அப்படி ஊற்றிய வண்டி சென்னையில் பத்து வருஷம் ஓடும். காசாவில் ஒரு ராத்திரி தாங்காது.

பேட்டரி கதையும் இதேதான். பேட்டரியைக் கொல்வது நம் ஊர் வெயில். செத்துப்போனதைக் காட்டிக்கொடுப்பது அந்த ஊர்க் குளிர். மைனஸ் 18-இல் நல்ல பேட்டரியே பாதிச் சக்தியைத்தான் தரும். மூன்று சென்னைக் கோடையைப் பார்த்த பேட்டரி இங்கே காலையில் ஜோராக ஸ்டார்ட் ஆகும், அங்கே "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். அதே பேட்டரியிலிருந்துதான் வின்ச்சும் விளக்குப் பட்டையும் உறிஞ்சப்போகின்றன.

அப்புறம் டீசல். குளிரில் அதிலுள்ள மெழுகு திரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். அந்தக் காலத்தில் லாரிக்காரர்கள் டாங்கிக்கு அடியில் தீ மூட்டுவார்கள், மண்ணெண்ணெய் கலப்பார்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் மசகு இல்லாமல் தேய்ந்து போகும். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில், மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் கொண்டுவந்தது. ஆகவே சமவெளியில் டாங்கியை நிரப்பிக்கொண்டு மலையேறாமல், குறைவாக வைத்துக்கொண்டு, மேலே என்ன டீசல் கிடைக்கிறது என்று விசாரித்து நிரப்ப வேண்டும். புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் ஊற்றும் ஆட்புளூ திரவம் மைனஸ் 11-லேயே உறையும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் ஆயில் டப்பாவில் 15டபிள்யூ என்று போட்டிருக்கிறதே, அந்த 'டபிள்யூ' வின்டர். அந்த எண் சின்னதாக இருந்தால்தான் குளிரில் ஆயில் இளகி ஓடும். விளக்குப் பட்டை விற்பவர் இதெல்லாம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விளக்குப் பட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. பனி கொட்டும்போது அந்த வெள்ளை வெளிச்சம் பனித்துகளில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவர் கண்ணிலேயே அடிக்கும். எல்.இ.டி. விளக்குக்குச் சூடு குறைவு, கண்ணாடி மேல் படியும் பனியை உருக்கவும் செய்யாது.

டயர்தான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று. மட் டயரின் பெரிய கட்டைகள் சேற்றைக் கவ்வும், பனிக்கட்டியைக் கவ்வாது. பனிக்கு வேண்டியது குளிரிலும் இறுகாத மென்மையான ரப்பரும், அதில் நுணுக்கமான கீறல்களும். நம் ஊரில் அந்த டயர் கிடைப்பது அரிது என்றால் சங்கிலி இருக்கிறது. அதை வாங்கி, இங்கேயே அபார்ட்மெண்ட் வாசலில் நாலு தடவை மாட்டிக் கழற்றிப் பழக வேண்டும். விரல் மரத்துப்போன நேரத்தில் முதல் பாடம் படிக்க முடியாது. பிக்கப்பில் இன்னொரு சங்கடம், தொட்டி காலி, பின்பக்கம் லேசு, வளைவில் வாலை வீசும். பின் ஆக்சிலுக்கு மேலே மணல் மூட்டை நாலு கட்டிவைத்தால் அடங்கும். நாலு மூட்டை மணல் என்ன விலை? ஆனால் இவர்கள் வண்டியை இன்னும் இரண்டு அங்குலம் தூக்கி, கவிழ்வதைச் சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள். "நாலு சக்கரமும் இழுக்கும் அங்கிள்" என்கிறான். இழுக்கும். நிற்க உதவாது.

"ராணுவ வண்டியில் ஸ்நார்க்கெல் இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டார். ஆறு கடக்க வேண்டிய வண்டிக்கு வைப்பார்கள், புழுதியிலும் கொஞ்சம் பயன் உண்டு. சரி, பனிக்கு வேண்டாம், அடையாறு வெள்ளத்துக்காவது உதவுமே என்றார். 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பார்த்தவர்கள் நாம். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரிய வண்டியையும் மிதக்கவிட்டு இழுத்துப் போகும். குழாய் காற்றை மட்டும் காப்பாற்றும். ஒயரையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் யார் காப்பாற்றுவது? 2023-இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, ஊரே சிரித்தது. ஒரு பைசா செலவில்லாமல் வண்டியைத் தயார் செய்தவர்கள் அவர்கள்தான். குழாய் வைத்தவர்கள் முழங்கால் தண்ணீரில் வேகமாக ஓட்டி, அந்த அலையைக் கீழ்வீட்டுக்காரர் கூடத்துக்குள் அனுப்பினார்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. முன்பக்க இரும்பு பம்பரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்தது. ஏர்பேக் சென்சார் குழம்பும், மேலே மோதுகிற மனிதனுக்கும் எலும்பு மிஞ்சாது. கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இதெல்லாம் இல்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் முர்ரி என்ற மலை ஊரில், பனியில் சிக்கிய வண்டிகளுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. குளிர் ஒரு காரணம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தது இன்னொரு காரணம். பனி சைலன்சரை மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். நாற்றம் இல்லை, இருமல் வராது, தூக்கம்தான் வரும். இதற்கு வேண்டியது ஒரு மண்வெட்டி, பின்னால் போய்ப் பனியை அள்ளிவிட. கண்ணாடியில் ஒரு விரல் இடைவெளி. ஆளுக்கு இரண்டு கம்பளி. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பில்லில் மண்வெட்டி இல்லை.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் வண்டி ஓட்டுவதை நிறுத்தியவர்கள் என்று தெரியும். ஆனால் ஓட்டுகிற பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் பேரன்களும் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கூலண்ட் எப்போது முழுதாக மாற்றியது, பேட்டரிக்கு வயசென்ன, சங்கிலி எங்கே, மண்வெட்டி எங்கே என்று கேளுங்கள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது தாத்தா" என்று சொன்னால், சங்கிலியை இப்போது மாட்டிக் காட்டு என்று நாற்காலி போட்டு உட்காருங்கள்.