பெஹாலாவில் எங்கே சாப்பிடுவது?

கொல்கத்தாவின் தென்மேற்கே, டைமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் நீண்டு கிடக்கிறது பெஹாலா. துர்கா பூஜை நாள்களில் பந்தல் பார்க்க வரும் கூட்டத்தை விட்டால், வெளியூர்ப் பயணிகள் இங்கே அதிகம் வருவதில்லை. விக்டோரியா நினைவகம், பார்க் ஸ்ட்ரீட், காளிகாட் என்று பார்த்து முடித்தவர்கள் அங்கிருந்தே ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனால், தமிழர்களுக்குப் பெஹாலாவில் வேலை இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் கொல்கத்தா வளாகம் பெஹாலாவை ஒட்டிய தாராதலாவில்தான் உள்ளது. அதே சாலையில் தெற்கே போனால் ஜோகாவில் ஐஐஎம். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், நேர்காணலுக்கு வரும் இளைஞர்கள், கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் வேலையாக வந்து அருகில் அறை எடுப்பவர்கள் என்று பலருக்கும் முதல் நாள் மதியமே ஒரு கேள்வி எழும்: எங்கே சாப்பிடுவது?

பெரும்பாலோர் கைப்பேசியை எடுக்கிறார்கள். நட்சத்திரம் அதிகம் உள்ள, பெயர் தெரிந்த பிரியாணிக் கடையின் கிளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவர்கள் டாக்சி பிடித்து லேக் மார்க்கெட் போய் இட்லி தேடுகிறார்கள். தலைமுறைகளாகத் தமிழர் வாழும் பகுதி அது. அங்கே இட்லி நன்றாகவே கிடைக்கும். இரண்டிலும் குற்றம் இல்லை. ஆனால், இரண்டு வழியிலும் போகிறவர்கள் அந்த நகரம் தினமும் சாப்பிடும் சாப்பாட்டை ருசிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். அது பெஹாலாவில் நடந்து போகும் தூரத்தில், குறைந்த விலையில் கிடைக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும் என்பது என் உறுதியான எண்ணம்: இந்தக் கடையில் இன்று சாப்பிடுகிறவர் நாளையும் இங்கேதான் சாப்பிடுவாரா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் கொல்கத்தாவின் நூறாண்டு வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்டங்களிலிருந்து குமாஸ்தா வேலைக்கும் கல்லூரிப் படிப்புக்கும் வந்த ஆண்கள் ‘மெஸ் பாரி’ எனப்பட்ட விடுதி வீடுகளில் தங்கினார்கள். அவர்களுக்காகத் தோன்றியவைதான் ‘பைஸ் ஓட்டல்கள்’. ஒரு ரூபாய்க்கு 64 பைஸ் என்ற கணக்கு 1957 வரை வழக்கில் இருந்தது. அந்தச் சில்லறைக் காசுக்குச் சாப்பாடு போட்டதால் வந்த பெயர் அது. சோறு, பருப்பு, காய், மீன் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். சில கடைகளில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் காசு. கல்லூரித் தெருப் பக்கம் இருக்கும் சுவாதீன் பாரத் இந்து ஓட்டலைத் தொடங்கியவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். ராஷ் பிஹாரி அவென்யூவில் தருண் நிகேதன், ஜான்பஜாரில் சித்தேஸ்வரி ஆசிரமம், பெஹாலாவுக்குப் பக்கத்திலேயே கிதிர்பூரில் யங் பெங்கால் ஓட்டல் ஆகியவை இன்றும் நடக்கின்றன. லேக் மார்க்கெட்டுக்கு இட்லி தேடிப் போகிற தமிழர் தருண் நிகேதனுக்கு வெகு அருகில்தான் போய் நிற்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதில் புதிது எதுவும் இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தனியாகத் தங்கிய ஆண்களால் வளர்ந்தவைதானே நம் மெஸ்கள்? காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடு ஏன் நன்றாக இருந்தது என்று தெரியும். சாப்பிடுகிறவர் மாதம் முப்பது நாளும் வருகிறவர். குழம்பு ஒருநாள் கெட்டால் மறுநாள் முகத்துக்கு நேரே கேட்பார். இரண்டு நாள் கெட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அலங்காரமோ விளம்பரமோ இல்லாமல் அந்தக் கடைகளைச் சரியாக நடத்திக் காட்டியது அந்தப் பயம்தான். ரயில் நிலைய வாசலிலும் நெடுஞ்சாலையோரத்திலும் சாப்பாடு மோசமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே வருகிறவர் திரும்ப வரப்போவதில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும்.

இதை வங்காளிகளே நம் ஊரில் நிரூபித்திருக்கிறார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. மீன் குழம்பும் சோறும் கிடைக்கின்றன. சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் அந்தக் கடைகளை உண்டாக்கின. கடுகெண்ணெய் இல்லாமல் சமைத்தால் மறுநாள் வரமாட்டார்கள் என்பதால் கடுகெண்ணெய் வேலூருக்கு வந்தது. வேலூரில் வங்காளி தன் சாப்பாட்டைத் தேடிக்கொண்ட அக்கறையில் பாதியைப் பெஹாலாவில் நாம் காட்டினால் போதும்.

கைப்பேசி நட்சத்திரங்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அந்த மதிப்பெண்களைத் தருகிறவர்களில் பெரும்பகுதியினர் ஒருமுறை சாப்பிட்டவர்கள், அல்லது வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட்டவர்கள். பொட்டலம் சிந்தாமல் வந்ததா, நேரத்துக்கு வந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. தினமும் மதியம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வேலைக்குத் திரும்பும் கடை ஊழியர் எந்தச் செயலியிலும் எழுதுவதில்லை. பொய் எழுதுவதோ மிக எளிது. 2017-இல் லண்டனில் ஓர் இளம் எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்தார். நண்பர்களைக் கொண்டு பொய் விமர்சனங்கள் எழுதவைத்தார். அதுவரை யாருக்கும் உணவே பரிமாறாத அந்தக் கொட்டகை லண்டனின் முதலிடத்துக்கு வந்தது. இந்தியாவில் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலை வெளியானது. நல்ல முயற்சிதான். ஆனால், கட்டாயம் இல்லாத தரநிலையை நம்பி வயிற்றை ஒப்படைக்க முடியாது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டைலர் கோவன் உணவைப் பற்றி 2012-இல் எழுதிய நூலில் வாடகையைக் கவனிக்கச் சொல்கிறார். வாடகை உயர்ந்த பெருந்தெருவில் கடைக்காரர் இடத்துக்கும் ஆடம்பரத்துக்கும் சேர்த்து வசூலிக்க வேண்டியிருக்கிறது. வாடகை குறைந்த பக்கத்துத் தெருவில் சமையலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியும் என்பது அவர் வாதம். பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் பெஹாலாவுக்கும் இது அப்படியே பொருந்தும். பார்க் ஸ்ட்ரீட்டில் 1927-இல் தொடங்கிய ஃப்ளூரிஸ் போன்ற கடைகளுக்கு வரலாற்று மதிப்பு உண்டு. ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ஆனால், அங்கே உட்காருகிறவர்களில் பலர் என்றோ ஒருநாள் வருகிறவர்கள். அப்படி ஒருநாள் வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் வசதி பெஹாலாவின் உணவுக் கடைகளுக்கு என்றும் இருந்ததில்லை. 2018 செப்டம்பரில், பெஹாலாவை நகரத்தோடு இணைத்த மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. 2020 டிசம்பரில் புதிய பாலம் திறக்கும்வரை நகரத்தின் நடுப்பகுதிக்குப் போய்வருவதே பெஹாலாக்காரர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் சொந்த ஊர்க்காரர்களுக்கே சமைத்துத் தாக்குப்பிடித்த கடைகள் எந்தச் சான்றிதழும் இல்லாமலே நம்பத்தக்கவை.

ஊரின் சமையலிலும் இரண்டு மரபுகள் கலந்திருக்கின்றன. பெஹாலாவின் பரிஷா கொல்கத்தா நகரத்தைவிட மூத்தது. பின்னாளில் நகரமான மூன்று கிராமங்களை 1698-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் ஊர் அது. இப்படி மேற்கு வங்கத்திலேயே வேரூன்றியவர்களைக் ‘கோட்டி’ என்பார்கள். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள் ‘பாங்கால்’. கோட்டி சமையலில் ஒரு சிட்டிகை சர்க்கரை விழும்; இறாலுக்கு அங்கே தனி மரியாதை. பாங்கால் சமையலில் காரம் ஏறும். இலிஷ் மீன்தான் ராஜா. பருப்பு இனிக்கிறதே என்று முதல் கவளத்தில் முகம் சுளிக்க வேண்டாம். அது சமைத்தவரின் தவறு அல்ல, அவர் குடும்பத்தின் கைப்பக்குவம்.

இனி, தேடும் வழி. காலையில் பெஹாலா பஜாருக்கோ ஷகேர் பஜாருக்கோ ஒருமுறை போய்வாருங்கள். கொல்கத்தா சந்தைகளில் மீன் இரண்டு வகையாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் ‘சாலானி’ மீன். மற்றது பக்கத்துக் குளங்களிலிருந்தும் கிழக்குக் கொல்கத்தாவின் ‘பேரி’ எனப்படும் மீன் பண்ணைகளிலிருந்தும் உயிரோடு வரும் ‘ஜ்யாந்தோ’ மீன். எந்த ஓட்டல்காரர் எதை வாங்குகிறார் என்று மீன் விற்பவருக்கு நன்றாகத் தெரியும். ஊரில் உள்ள எந்த உணவு விமர்சகரையும்விட அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

பருவத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் இருப்பதுபோலவே வங்கக் கடலோரத்திலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. இலிஷ் வரத்து மழைக்காலத்தில்தான் கூடும். இதே சாலையின் மறுமுனையான டைமண்ட் ஹார்பரின் நகேந்திர பஜார் அதற்குப் பேர்போன மொத்தச் சந்தை. மே மாதத்தில் ‘புத்தம்புது இலிஷ்’ என்று பலகை வைத்திருக்கும் கடையில் பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கின் மீனே கிடைக்கும். அதே மாதத்தில் ‘இன்று இலிஷ் இல்லை, பார்ஷே இருக்கிறது’ என்று சொல்லும் கடையில் நம்பி உட்காரலாம். விலைப்பட்டியல் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்து, தீர்ந்தவற்றை அழித்துக்கொண்டே வந்தால் அது இன்னும் நல்ல அறிகுறி. பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள் போய்விடுங்கள். மூன்றரை மணிக்குப் போய் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கடையைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘இங்கே நல்ல ஓட்டல் எது?’ என்று கேட்டால், விருந்தாளியை அழைத்துப் போகும் ஏசி உணவகத்தின் பெயரைத்தான் யாரும் சொல்வார்கள். ‘நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ஆட்டோ வரிசையில் நிற்கும் ஓட்டுநர்களையும், கடைச் சிப்பந்திகளையும், பை தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளையும் கேட்கலாம். தாராதலாவிலேயே அரசின் உணவக மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் வெளியே எங்கே சாப்பிடுகிறார்கள் என்று விசாரிப்பது இன்னும் நல்லது. தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கமிஷனுக்கு இடம் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வங்காளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கசப்பில் தொடங்கும் சுக்தோ, கசகசா அரைத்த ஆலு போஸ்தோ, வாழைப்பூவில் செய்யும் மோசார் கோண்ட்டோ, கடலைப்பருப்பு அரைத்துச் செய்யும் தோக்கார் டால்னா என்று அவர்களுடைய சைவச் சமையல் நம்முடையதற்குச் சளைத்தது அல்ல. ஒரே ஓர் எச்சரிக்கை: பருப்பில் மீன் தலை சேர்ப்பதும் உண்டு. ‘நிராமிஷ்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரபான நிராமிஷில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோற்றோடு சாப்பிடுவது அங்குள்ள வழக்கம். அப்படிச் சாப்பிட்டால்தான் சுக்தோவின் அருமை தெரியும்.

சுத்தத்தை நானும் கவனிப்பேன். தட்டு கழுவும் இடம், தண்ணீர்ப் பானை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு உட்காருவது நல்லது. மழை நாளில் பெஹாலாவின் பல தெருக்களில் தண்ணீர் தேங்கும் என்பதால், குடிக்க மட்டும் பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். ஆனால், பெஞ்சு பழையது என்பதற்காக ஒரு கடையை ஒதுக்கிவிடாதீர்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2022 டிசம்பர் 30 அன்று ஜோகாவிலிருந்து தாராதலா வரையிலான மெட்ரோ தொடங்கிவைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்டது. பெஹாலாவுக்கு இது நல்ல காலம். ஆனால், ரயில் வரும் இடத்தில் வாடகையும் ஏறும். வாடகை ஏறினால் முதலில் மூடப்படுவது சோறும் மீனும் போடும் சிறு கடைதான். அந்த இடத்துக்குச் சங்கிலிக் கடைகள் வந்துவிடும். சென்னையில் பல மெஸ்கள் இப்படி மறைந்ததைப் பார்த்தவர்கள் நாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கடை நிலைக்க ஒரு வாக்கு.

கடல்சார் பல்கலைக்கழகத்துக்கும் ஐஐஎம்முக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கைக் கடிதத்தோடு விடுதி விதிகளை அனுப்புகிறீர்கள். வளாகத்தைச் சுற்றி உங்கள் ஊழியர்களே தினமும் சாப்பிடும் கடைகளின் பட்டியல் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கே ஏற்கெனவே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோரே, நல்ல சாப்பாடு கிடைத்த கடையின் பெயரையும் தெருவையும் அடுத்து வரப்போகிறவர்களிடம் சொல்லுங்கள்.