மூல நிரலையும் கேட்டு வாங்குங்கள்

1996-இல் ஜமுனாமரத்தூர் சாமை, புளி வரவு செலவுக்கென்று ஃபாக்ஸ்புரோவில் ஒரு கணக்குப் புரோகிராம் எழுதி வாங்கினேன். எழுதியவர் ஓடும் கோப்பை மட்டும் தந்தார். மூல நிரலைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தெரியாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிக் கட்டத்தை மாற்ற ஆள் தேடினேன். எழுதியவர் தொழிலை விட்டிருந்தார், மற்றவர்கள் கைவிரித்தனர். ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்புக்கே மைக்ரோசாஃப்ட் 2015-இல் ஆதரவை நிறுத்திவிட்டதே! டி.பி.எஃப். கோப்பிலிருந்த பாக்கிக் கணக்கை மட்டும் லிப்ரே ஆபீஸில் திறந்து மீட்டோம்.

அதே மைக்ரோசாஃப்ட், எம்.எஸ்.டாஸ் 4.0-இன் மூல நிரலை 2024-இல் வெளியிட்டது. இனி அதை யாரும் படித்துத் திருத்தலாம். தொழில் ரகசியம் என்பார்கள். இருக்கட்டும், தொழிலை விடும்போதாவது தரவேண்டும் என்று முன்பணம் கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்குங்கள்.