இரண்டு நாள் பாலைவனம்

வார இறுதியில் ஜெய்சால்மர் போகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒட்டகச் சவாரிக்கு எவ்வளவு, கூடாரத்தில் ஏசி உண்டா என்பதுதான். சாம் மணல்மேட்டில் மாலை வெயில், ராத்திரி டிஜே, காலையில் ரயில். பாலைவனம் பார்த்தாகிவிட்டது! பக்கத்திலேயே 3,162 சதுர கிலோமீட்டரில் ஜெய்சால்மர், பார்மேர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பாலைவனத் தேசியப் பூங்கா யார் பட்டியலிலும் இல்லை. அங்கே மணலைவிடப் பார்க்க வேண்டியது புல்வெளி. ஒரு மீட்டர் உயரமுள்ள கானமயில் என்ற பறவை கடைசியாக ஒதுங்கியிருக்கும் இடங்களில் ஒன்று அது. உலகத்திலேயே நூற்றைம்பதுக்கும் குறைவாகத்தான் மிச்சம். பெட்டை வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். கனத்த உடம்பு, நேர் எதிரே குறுகிய பார்வை, அதனால் மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்க 2021இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. அந்தக் கம்பிகள் கொண்டுபோகும் சூரிய மின்சாரமும் வேண்டும்தான். ஆனால் பறவை காத்திருக்குமா? என்னைக் கேட்டால், கூடார ராத்திரியை வெட்டிவிட்டு, பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிக்கு ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், ஸ்வெட்டரை மறக்காதீர்கள், அனுமதியை முன்கூட்டியே விசாரியுங்கள். கானமயில் கண்ணில் படும் என்று யாரும் உறுதி தர முடியாது. சிங்காரா மானும் பாறு கழுகும் கிடைத்தாலே பயணக்காசுக்குத் தகும்.